போயி

கிருஷ்ணகிரி பணிமனை.
இரவுக் கணக்கு ஒப்படைத்துவிட்டு
பழைய டிரிப் ஷீட்டின் முதுகில்
எழுதிப் பழகுகிறேன்.
மயிம், தண்ணீர்.
கமா, எவ்வளவு.
லோ, இல்லை.

சில்லறை தர எனக்கு நான்கு மொழி தெரியும்.
பர்கூர் வண்டியில் தெலுங்கு,
தளி வண்டியில் கன்னடம்,
பழையபேட்டை நிறுத்தத்தில் உருது,
சண்டைக்குத் தமிழ்.
ஐந்தாவதை போனுக்குள்ளிருந்து
ஒரு தாடிக்காரப் பையன் சொல்லித் தருகிறான்.
எபிரேயம் வலமிருந்து இடம் போகும்.
உருதுக் கடைப்பலகை பழக்கிய கண்தான், அது சிரமமில்லை.
ஆனால் இந்த எழுத்துகள் கைகோக்காது,
கடைசி பஸ்ஸுக்கு நிற்கும் ஆட்கள் மாதிரி
தனித்தனியாக நிற்கும்.

"புண்ணிய யாத்திரையா?" என்றார் டிரைவர் ஜெபநேசன்.
எங்களுக்கு முனியப்பன் போதும் என்றேன்.
"சொட்டுநீர் பாக்கவா?"
எனக்கேது நிலம்.
"பின்ன எதுக்குய்யா, குண்டு விழுற ஊருக்கு?"
விசில் ஊதினேன்.

சென்னம்மா தண்ணீரில் இறங்க மாட்டாள்.
கே.ஆர்.பி. அணைக்குப் போனாலும்
பொரித்த மீனோடு திரும்பிவிடுவாள்.
கல் குவாரிக் குழியில் மழைநீர் நின்ற வருடம்
அவள் தம்பி மாதையனுக்குப் பதினொரு வயது.
அவள் சொன்னதில்லை.
எனக்குச் சொன்னது மாமனார், அதுவும் ஒரே ஒரு முறை.

போன மாம்பழ சீசனில்
கூழ் ஃபேக்டரியிலிருந்து மஞ்சள் நகங்களோடு வந்தவள்
போனை நீட்டினாள்.
ஒரு கிழவர் கடலில் மல்லாந்து
செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.
முங்கவே முங்காதாம், அவ்வளவு உப்பாம்.
"நெசமா?" என்றாள்.
மூன்று நாள் கழித்து, களி கிண்டும்போது,
துடுப்பை நிறுத்தி, மறுபடியும்
"நெசமா?"

அப்படித்தான் சீட்டை எடுத்தேன், தள்ளு போனாலும் பரவாயில்லை என்று.
பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த ஏட்டு
இஸ்ரேல் என்றதும்
என்னை இன்னொரு முறை மேலும் கீழும் பார்த்தார்.
இரண்டு கிலோ ராகி மாவு போகிறது,
கருவாடு வேண்டாம் என்று பேசி முடித்தாயிற்று.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால்
அங்கே பெரும்பாலும் பஸ் ஓடாதாம்,
சனி பொழுது சாயும்வரை.
தீபாவளியன்றும் டிக்கெட் கிழித்தவன் நான்,
இருபத்துமூன்று வருடம்.
அந்த ஊர் டிரைவர்களை நினைத்துக் கொஞ்சம் பொறாமை.
கண்டக்டரே கிடையாதாம் அங்கே,
அதை மட்டும் பணிமனையில் சொல்லவில்லை.

அவளும் படிக்கிறாள், எனக்குத் தெரியாமல்.
"நன்றிக்கு தோடாவாம்.
சோறு போட்டவங்களைப் பாத்து தோடான்னா
அடிக்க மாட்டாங்க?"
அப்பாவுக்கு அபா, அது பிடித்திருந்தது அவளுக்கு.
அப்புறம் இந்தப் போ.
இங்கே என்பதற்கும் போ,
வா என்பதற்கும் போ.
உதட்டில் ஏதோ வித்தியாசம் காட்டுகிறான் பையன்,
நம் எழுத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.
பெண்ணைக் கூப்பிட்டால் மட்டும்
போயி.

தேதி இன்னும் பென்சிலில்தான் இருக்கிறது.
ஓசூர் டிராவல்ஸ்காரர்
"நியூஸ் பாத்துட்டுச் சொல்றேன் சார்" என்கிறார்.
இரண்டு முறை அழித்ததில்
காலண்டரில் அக்டோபர் கொஞ்சம் தேய்ந்துவிட்டது.

நேற்று டூட்டி முடிந்து வந்தபோது
சமையலறையில் விளக்கு எரிந்தது.
பால் குண்டாவில் தண்ணீர், அதற்குள் ஒரு முட்டை,
பக்கத்தில் கல்லுப்புப் பொட்டலம்
கிட்டத்தட்டக் காலி.
முட்டை மிதந்தது.
விரலால் அமுக்கினாள்,
மேலே வந்தது.
அமுக்கினாள், பிடித்தே வைத்திருந்தாள்,
விட்டதும் வந்தது.
எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை,
எண்ணுவதுதான் என் வேலை என்றாலும்.

வா, படுக்கலாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.
"போயி" என்று வந்தது.
திரும்பாமலே
"போயி?" என்றாள்,
மிச்ச வாக்கியத்துக்குக் காத்திருப்பவள் போல,
விரலை முட்டைமேல் வைத்தபடி.